வேன் வாடகைக்கு பில் கேட்பவர்களின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

மலைக்கணக்கு (ஏற்காடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாரமங்கலம், நாகலூர் பக்கத்து மலைக் கிராமங்களில் சின்னக் குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிப் பெண்களை மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. பணம் ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த ஓர் அமைப்பிடமிருந்து, சென்னையில் இருக்கும் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வழியாக வருகிறது. பெயர்கள் வேண்டாம்.

போன மாதம் ஸ்பாட் செக் என்று இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு நாள் எங்கள் அறையிலேயே உட்கார்ந்து நாற்பது வவுச்சர்களை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று பிக்கப் வண்டி வாடகை. மழையில் ரோடு சறுக்கிக் கிடந்தபோது மாவு மூட்டையை மேலே ஏற்ற ஒரே ஒரு ஆள்தான் வர ஒப்புக்கொண்டார். அவரிடம் பில் புத்தகம் கிடையாது. எங்கள் வவுச்சரின் பின்பக்கம் பேனாவால் ‘2 நடை 3600’ என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஜி.எஸ்.டி. எண் எங்கே?’ என்றார். அப்புறம் ஓரத்தில் ஒரு குறி போட்டு வைத்துவிட்டார். இப்படியே சேர்த்து 14,250 ரூபாய் ‘ஏற்க முடியாத செலவு’ என்று வந்திருக்கிறது, திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். எங்கள் களப்பணியாளர் ஒருவரின் மாதச் சம்பளமே 11,000.

கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு வந்த பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பணம் எங்களிடம் வருவதற்கு முன்னால் எத்தனை கை மாறி வருகிறது, அங்கேயும் யாராவது இப்படி வவுச்சரைத் திருப்பிப் பார்க்கிறார்களா? அவர்கள் விமான டிக்கெட், ஆலோசகர் கட்டணம், ஹோட்டல் பில் இதையெல்லாம் யார் கேட்பது? அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நம் சி.ஏ.ஜி. போய்க் கேட்க முடியுமா? ஆர்.டி.ஐ. போடலாமா? கோர்ட்டுக்காவது போக முடியுமா? வந்தவர்களிடமே கேட்டேன், ‘அது எங்களுக்குத் தெரியாது மேடம்’ என்றார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாஃப்மார்ஜின் (சேலம், அஸ்தம்பட்டி) எழுதியது:

அம்மா, நான் சி.ஏ.ஜி.யின் கீழ் இயங்கும் தேனாம்பேட்டை ஏ.ஜி. அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஐக்கிய நாடுகள் சபைக்கு தணிக்கையாளர் குழு என்று ஒன்று 1946-லிருந்தே இருக்கிறது. மூன்று உறுப்பு நாடுகளின் தலைமைத் தணிக்கையாளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். பொதுச்சபை அவர்களைத் தேர்ந்தெடுக்கும், ஆறு வருடப் பதவி, உடனே மறுபடியும் நீட்டிப்பு கிடையாது. அறிக்கையைப் பொதுச்சபைக்குத்தான் கொடுப்பார்கள். பொதுச்செயலாளர் அவர்களிடம் இதைப் பார், அதைப் பார்க்காதே என்று சொல்ல முடியாது. நம் சி.ஏ.ஜி. 1993 முதல் 1999 வரையும், பிறகு 2014 ஜூலை முதல் 2020 ஜூன் வரையும் அந்த மூவரில் ஒருவர். அப்போது எங்கள் துறையிலிருந்து ஆட்கள் நியூயார்க் போனார்கள், ஜெனீவா போனார்கள். நேற்று வரை திருச்செங்கோட்டிலும் ஆத்தூரிலும் பேரேடு புரட்டிய ஆட்கள்தான் அவர்கள்.

அந்தக் குழு பார்ப்பது நியூயார்க் செயலகம், அமைதிப்படை, யுனிசெஃப், அகதிகள் ஆணையம் மாதிரியானவை. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, தொழிலாளர் அமைப்பு போன்ற சிறப்பு நிறுவனங்கள் தங்களுக்கென்று தனியாக வெளித் தணிக்கையாளரை நியமித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்துக்கு 2020-லிருந்து நம் சி.ஏ.ஜி.தான், 2024-க்கு மறுபடியும் தேர்வானார், 2027 வரை இருக்கிறது. தொழிலாளர் அமைப்புக்கும் 2024 முதல் 2027 வரை அவரே. சர்வதேச அணுசக்தி முகமைக்கு 2022 முதல் 2027 வரை.

ஆக, சி.ஏ.ஜி. போய்க் கேட்க முடியுமா என்றால், இந்திய அரசமைப்பு கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு முடியாது. அந்த அமைப்பே தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டால் முடியும். ஆள் ஒருவர்தான், அதிகாரம் வேறு. 193 நாடுகளும் ஆளாளுக்கு ஒரு தணிக்கைக் குழுவை அனுப்பினால் அந்த அலுவலகம் வேறு வேலையே பார்க்க முடியாது என்பதால், எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே தணிக்கை என்று வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும் பெரிய நாடுகள் இதை மீறி உள்ளே வரப் பார்ப்பது உண்டு, தணிக்கையாளர்கள் அதை எதிர்ப்பதும் உண்டு. எதிர்ப்பதுதான் சரி, பணம் அதிகம் கொடுத்தவர் மட்டும் கணக்கைப் பார்ப்பது என்று ஆரம்பித்தால் மற்ற நாடுகள் கதி என்ன?

விமான டிக்கெட் கேட்டீர்களே. செயலகத்தில் பயணத்துக்கு 16 நாள் முன்பே டிக்கெட்டை முடித்துவிட வேண்டும் என்று விதி, கடைசி நேரத்தில் வாங்கினால் விலை ஏறும் என்பதால். அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை என்று தணிக்கைக் குழு பல வருடங்களாக எழுதியிருக்கிறது. உங்கள் பிக்கப் வண்டிக்குக் குறி போட்ட மாதிரி அங்கேயும் குறி போடுகிறார்கள் அம்மா. முறையும் ஏறத்தாழ நம்முடையதுதான். நாங்கள் ஹாஃப் மார்ஜின் என்போம்: தாளை நடுவில் மடித்து இடது பாதியில் எங்கள் கேள்வி, வலது பாதியில் அலுவலகத்தின் பதில். பதில் திருப்தி இல்லை என்றால் அது ஆய்வறிக்கையில் பத்தியாக ஏறும். அங்கே தாளை மடிப்பதில்லை, கணினியில் குறிப்பாணையாகப் போகிறது, மற்றபடி கேள்விக்கு நேராகப் பதில் எழுதியாக வேண்டும்.

இது வெளித் தணிக்கை மட்டும். உள்தணிக்கைக்கும் விசாரணைக்கும் 1994-ல் உள்மேற்பார்வை அலுவலகம் என்று தனியாக வைத்தார்கள், அதன் தலைவருக்கு ஐந்து வருடம், ஒரே ஒரு முறைதான். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஜெனீவாவில் கூட்டு ஆய்வுப் பிரிவு, பதினோரு ஆய்வாளர்கள். நம் நாட்டுத் தூதராக இருந்த ஏ. கோபிநாதன் அங்கே ஆய்வாளராக இருந்தவர். எந்த அமைப்பில் ஆட்களை எடுப்பது சரியில்லை, எங்கே குறைசொன்னவர்களைப் பாதுகாக்க ஏற்பாடில்லை என்று பெயர் போட்டே எழுதுவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை சி.ஏ. எழுதியது:

ஐயா சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் 14,250 ரூபாயை விட்டுவிடாதீர்கள் அக்கா. ஸ்பாட் செக் அறிக்கையில் கண்டுபிடிப்புக்குப் பக்கத்தில் நிர்வாகத்தின் பதில் என்று ஒரு கட்டம் இருக்கும், பலர் அதில் ‘ஏற்றுக்கொள்கிறோம், இனி நடக்காது’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அத்தோடு முடிந்தது. வண்டியின் ஆர்.சி. நகல், ஓட்டுநரின் லைசென்ஸ் நகல், அன்று மாவு வாங்கிய தாய்மார்களின் கையெழுத்துப் பட்டியல், எடை பதிவேட்டில் அதே தேதிப் பக்கம், இதையெல்லாம் இணைத்து ‘வேலை நடந்திருக்கிறது, பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த ஓட்டுநர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய வரம்புக்குள் வரவே மாட்டார்’ என்று எழுதுங்கள். சிறிய வண்டிக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்பது சட்டத்திலேயே நிற்காது. இனிமேல் வாடகையை ஜிபேயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள், கிலோமீட்டர் எழுதிய ஒரு டிரிப் ஷீட் வையுங்கள், அடுத்த ஒப்பந்தத்திலேயே மலைப்பகுதியில் பில் கிடைக்காத செலவுக்கு இன்ன ஆவணம் போதும் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையும் அதன் சிறப்பு நிறுவனங்களும் உலக வங்கியும், வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’ என்பதில் வராது. அதனால் இந்தப் பணத்துக்கு எஃப்.சி.-4 என்ற வருடாந்திரக் கணக்குப் படிவம் போடும் வேலை இல்லை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்திடமிருந்து நேராக வந்திருந்தால் கதையே வேறு, 2020 திருத்தத்துக்குப் பிறகு சென்னை நிறுவனம் அதை உங்களுக்கு மாற்றித் தரவே முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிர்வாகச் செலவு என்றதும் ஞாபகம் வருகிறது, எத்தனை கை மாறுகிறது என்று கேட்டீர்களே: யுனிசெஃப், யு.என்.டி.பி. (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) போன்றவை நன்கொடையில் பொதுவாக 8 சதவீதத்தைத் தலைமையகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும், நியூயார்க் செயலகத்தில் வழக்கமான விகிதம் 13. அந்த விகிதத்தை முடிவு செய்வதும் உறுப்பு நாடுகள்தான்.

ஆர்.டி.ஐ. அவர்கள் மேல் செல்லாது. ஆனால் அவர்களோடு நம் அரசு போட்ட ஒப்பந்தம் அரசுத் துறையிடம் இருக்கும், அங்கே போடலாம்.

மஞ்சக்குட்டை எழுதியது:

எல்லாரும் குழு இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார் என்கிறீர்கள். பொருளாதாரத் தடையில் இருந்த ஈராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க சபை அனுமதித்த ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தில் என்ன ஆனது? 1996 முதல் 2003 வரை நடந்தது, ஈராக் 6,400 கோடி டாலருக்கு எண்ணெய் விற்றது, சபை மேற்பார்வையில். அதை விசாரிக்க வைத்த வோல்க்கர் குழு 2005-ல் என்ன சொன்னது? இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூலம் சுமார் 180 கோடி டாலர் சதாம் அரசுக்குக் கமிஷனாகவும் கூடுதல் கட்டணமாகவும் போயிருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சராக இருந்த நட்வர் சிங் பதவி போனதும் அந்த அறிக்கையால்தான். அப்போது இந்தத் தணிக்கையாளர்கள் எங்கே போனார்கள்?

எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடந்ததைப் பார்த்தவன் நான். கிராம சபையில் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பேராகச் சத்தமாக வாசித்தார்கள். ஒரு பெயரை வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு கிழவி எழுந்து ‘அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சே’ என்றார். கூட்டமே அமைதியாகிவிட்டது. அப்படி ஒரு குரல் நியூயார்க்கில் எழுந்திருக்கிறதா? யாருக்குச் செலவு செய்ததாகக் கணக்கு இருக்கிறதோ அவர்கள் முன்னால் வாசிக்காத தணிக்கையை நான் நம்ப மாட்டேன்.

கோர்ட்டும் கிடையாது. 1946 உடன்படிக்கையில் அவர்களுக்கு முழு விலக்கு, நாமும் 1947-ல் தனிச் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

ஹாஃப்மார்ஜின் எழுதியது:

தம்பி, கோபம் நியாயமானது, அதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

எண்ணெய்க்கு உணவு திட்டத்தில் தணிக்கையாளர்கள் தூங்கவில்லை. உள்மேற்பார்வை அலுவலகம் அந்தத் திட்டத்தின் பல பகுதிகளைப் பற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட உள்தணிக்கை அறிக்கைகள் எழுதியிருந்தது. அவை நிர்வாகத்தின் மேசைக்குப் போயின, உறுப்பு நாடுகளின் கைக்குப் போகவில்லை. உலகம் அவற்றைப் பார்த்ததே 2005 ஜனவரியில் வோல்க்கர் குழு வெளியிட்டபோதுதான். இப்படி மறைந்து கிடந்த வெட்கத்தில்தான், அதற்கு முந்தைய மாதம், 2004 டிசம்பரில் பொதுச்சபை தீர்மானம் போட்டது, எந்த உறுப்பு நாடு கேட்டாலும் அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று. 2012 கடைசியிலிருந்து யுனிசெஃப், யு.என்.டி.பி. போன்றவை உள்தணிக்கை அறிக்கைகளை இணையத்திலேயே போடுகின்றன. கேட்டு வாங்கக்கூட வேண்டாம்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. யு.என்.ஓ.பி.எஸ். விவகாரத்தைப் பாருங்கள். கட்டுமானம், கொள்முதல் செய்து கொடுக்கும் ஐ.நா. அமைப்பு அது, சேர்ந்து கிடந்த உபரியை எடுத்து குறைந்த விலை வீடு கட்டவும் மாற்று எரிசக்திக்கும் என்று முதலீடு செய்யக் கிளம்பியது. சுமார் 6 கோடி டாலர், ஒரே குடும்பத்தோடு தொடர்புடைய கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஒரே கூட்டாளியிடம் இவ்வளவா, சுமார் 2.2 கோடி டாலர் வராக்கடனாகத் தெரிகிறதே என்று தணிக்கையாளர் குழு 2021-லேயே எழுதிவிட்டது. தலைவர் பதவி விலகியது 2022 மே மாதம், அதுவும் பத்திரிகைகளில் வந்து நாறிய பிறகு. நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் அந்தப் பத்தி அச்சில் இருந்தது. நிர்வாகக் குழுவில் முப்பத்தாறு நாடுகள். படித்தவர்கள் எத்தனை பேர்?

தணிக்கையில் வாழ்நாளைப் போட்ட எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். பத்தி எழுதுவதோடு எங்கள் கை முடிந்துவிடுகிறது. பணத்தைத் திரும்ப வாங்கவோ ஆளை நிறுத்தவோ எங்களுக்கு அதிகாரம் இல்லை, இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இங்கே நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு துறைச் செயலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும், அங்கே வரவு செலவைப் பார்க்கும் பொதுச்சபையின் ஐந்தாவது குழு கேட்க வேண்டும். அந்தக் குழுவில் நம் நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருபவர் என்ன கேட்டார் என்று நம் ஊரில் யாராவது விசாரித்திருக்கிறோமா?

கோர்ட் பற்றி ஒரு திருத்தம். சபைக்கு விலக்கு இருக்கிறது, சரி. ஆனால் எல்லா சர்வதேச அமைப்புக்கும் அது ஒரே மாதிரி இல்லை. குஜராத் முந்த்ராவில் அனல் மின் நிலையத்தால் பிழைப்பு போன மீனவர்களும் விவசாயிகளும், அதற்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழும நிறுவனத்தின் மேல் அமெரிக்காவிலேயே வழக்குப் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு முழு விலக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு கீழ் நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை, அது வருத்தம்தான், ஆனாலும் அந்தத் தீர்ப்பு தீர்ப்புதான். அதற்கும் முன்னால் நர்மதை. சர்தார் சரோவர் அணையில் வெளியேற்றப்பட்ட மக்கள் போராடியதால்தான் உலக வங்கி தனியாக ஒரு குழுவை வைத்துத் தன் திட்டத்தையே ஆராய வேண்டி வந்தது. 1993-ல் வங்கி ஆய்வுக்குழு என்று ஒன்றை நிறுவியது, பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே புகார் கொடுக்கலாம். நீங்கள் சொன்ன கிழவியின் குரல் அங்கேயும் எழுந்திருக்கிறது தம்பி, நம் நாட்டு ஆற்றங்கரையிலிருந்து.

மஞ்சக்குட்டை எழுதியது:

நர்மதை விஷயம் எனக்குத் தெரியாது ஐயா, படிக்கிறேன். ஆனால் ஒரு வருடம் அச்சில் கிடந்த பத்தியை யாரும் எடுக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் சொன்னதும் அதுதான். அந்த அறிக்கைகள் தமிழில் இல்லை, இங்கே யாருக்கும் சொல்லப்படுவதும் இல்லை. ஏற்காட்டில் சத்துமாவு வாங்கும் அம்மாவுக்கு அந்தப் பணத்தின் கணக்கு எங்கே கிடக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா?

மலைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா சொன்னபடி தேடினேன், எங்களுக்குப் பணம் தரும் அமைப்பின் தணிக்கை அறிக்கை இணையத்தில் கிடைத்தது. ஆங்கிலம் எனக்குக் கஷ்டம், அலுவலகத்தில் இருக்கும் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. முந்தைய வருடங்களில் சொன்ன பரிந்துரைகள் ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு கட்டம்: நிறைவேறியது, நடந்துகொண்டிருக்கிறது, நிறைவேறவில்லை, காலம் கடந்துவிட்டது. விரலை வைத்துக்கொண்டே வரிவரியாகப் பார்த்தோம். எங்களை மாதிரிச் சிறிய அமைப்புகளுக்குக் கொடுத்த முன்பணத்தைச் சரியாகக் கண்காணிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது, ‘நடந்துகொண்டிருக்கிறது’ கட்டத்தில் டிக். அப்போதுதான் புரிந்தது, அங்கே வந்த அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இங்கே என் வவுச்சரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது, ஏனென்றால் கண்காணிப்பு என்றால் ஜி.எஸ்.டி. எண் கேட்பது மட்டும்தானா, ஒருமுறை அந்தப் பிக்கப்பில் ஏறி மேலே வந்து குழந்தைகளின் எடையைப் பார்த்திருக்கலாமே. இரண்டு நாளில் ஒரு மணி நேரம்கூட அவர்கள் கிராமத்துக்கு வரவில்லை. இதையும் பதிலில் எழுதலாமா ஐயா?

ஹாஃப்மார்ஜின் எழுதியது:

கட்டாயம் எழுதுங்கள் அம்மா. குறை சொல்கிற தொனியில் வேண்டாம், இன்ன தேதியில் இன்ன கிராமத்தில் இத்தனை குழந்தைகளுக்கு எடை பார்த்தோம், பதிவேடு சரிபார்ப்புக்குத் தயாராக இருந்தது, பார்வையிடப்படவில்லை என்று தேதி, எண்ணிக்கையோடு எழுதுங்கள். கோப்பில் ஏறிய வரியை அடுத்து வருகிற தணிக்கையாளர் படிப்பார். பதிலை அனுப்பும் முன் எனக்குக் காட்டுவதானால் சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.

மலைக்கணக்கு எழுதியது:

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறேன் ஐயா. எடைப் பதிவேடும் கொண்டு வருகிறேன். ஓட்டுநர் அண்ணன் ஆர்.சி. நகல் கொடுத்துவிட்டார், வவுச்சரில் இருக்கும் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறார். அதையும் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.